தலைவர் யார் என்று ஸ்விட்சே முடிவு செய்யலாமா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ பெரியபாளையம் பக்கத்துக் கிடங்கிலோ நெட்வொர்க் படுத்தால் முதலில் திட்டு வாங்குபவர் இன்டர்நெட்காரர். பாவம்! குற்றவாளி பல நேரம் உள்ளேயே இருக்கும்.

ஸ்விட்சுகளுக்கு நடுவே டேட்டா வளையமடித்துச் சுற்றாமல் இருக்க 1985-ல் ராடியா பெர்ல்மேன் உருவாக்கியது ஸ்பேனிங் ட்ரீ. ஒரு ஸ்விட்ச் தலைவர், அதாவது ரூட் பிரிட்ஜ். மற்றவை அதற்குப் போகும் குறுக்கு வழியை மட்டும் வைத்துக்கொண்டு மிச்ச வழிகளை அடைத்துவிடும்.

தேர்தல்தான் வேடிக்கை. பிரயாரிட்டி எண் குறைந்தவர் ஜெயிப்பார். எல்லாப் பெட்டியும் 32768 என்றே வருவதால், மேக் முகவரி சிறியது எதுவோ அது தலைவர். பல சமயம் மூலையில் தூசி படிந்த பழைய பெட்டி! அதை யாராவது அணைத்தால் மறுதேர்தல், அதுவரை எல்லோரும் காத்திருக்க வேண்டும்.

சின்னக் கம்பெனிக்கு இதெல்லாம் எதற்கு என்பார்கள். பாஸ்டனின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில் ஸ்பேனிங் ட்ரீ தாங்கும் அளவைத் தாண்டி நெட்வொர்க் வளர்ந்திருந்தது. 2002 நவம்பரில் அது விழுந்தது. டாக்டர்கள் நாட்கணக்கில் காகிதத்தில் மருந்து எழுதினார்கள்.

தலைவரை மனிதர்தான் நியமிக்க வேண்டும். முதலில் இப்போது ரூட் எது என்று பாருங்கள். நடு ஸ்விட்சுக்கு 4096, அதற்கு மாற்றாக இருப்பதற்கு 8192. பிசி செருகும் போர்ட்டுகளில் பிபிடியு கார்ட். பத்து நிமிட வேலை, மதிய சாப்பாட்டு நேரத்தில் செய்தால் திட்டும் விழாது :)