மண்ணா, சகிரிச்சோறா?

பூனைக்கு மண் வாங்குவதும் ஒரு பொருளா, அதற்கும் ஒரு கட்டுரையா என்று நண்பர்கள் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும். சிரித்து முடித்தபின் இரண்டு கேள்விகளுக்கு மட்டும் விடை சொல்லட்டும். நாம் கட்டிப் போடும் கழிவை அள்ளுகிறவர் யார்? அது கலக்கும் தண்ணீரைக் குடிக்கிறவர் யார்?

இடுக்கி ஏலத்தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன் நான். அங்கே எலிக்காகப் பூனை வளர்த்தோம். அது தன் தேவைக்குத் தானே மண்ணைத் தோண்டும், தானே மூடும். படிக்க வந்த இடத்திலோ வாடகை அறையின் நான்கு சுவருக்குள் பூனை வளர்க்கிறோம். ஆதலால் தட்டும் மண்ணும் வேண்டியிருக்கின்றன. கடைக்குப் போய் 'கேட் லிட்டர்' கேட்கிறோம். பையின்மேல் பச்சை இலை ஒன்றைக் கண்டதும் இயற்கைக்கு நன்மை செய்துவிட்ட நிறைவோடு திரும்புகிறோம். இலையை அச்சிடப் பச்சை மை போதும். பொருள் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பதை அல்லவா நாம் கேட்க வேண்டும்?

அமெரிக்காவில் முன்பு பூனைத் தட்டில் சாம்பலும் மணலும்தான் இட்டனர். 1947-இல் மிச்சிகன் மாநிலத்தில் எட்வர்ட் லோ என்பவர் ஈரம் உறிஞ்சும் களிமண்ணை விற்கத் தொடங்கினார். 1980-களில் நனைந்ததும் கட்டியாகத் திரளும் பெண்டோனைட் களிமண் வந்தது. அள்ளுவதற்கு அது மிக எளிது, மறுப்பதற்கில்லை. ஆனால் அது நிலத்தைத் திறந்து வெட்டியெடுக்கும் பொருள். நம் நாட்டில் கட்சிலும் பார்மேரிலும் அதை வெட்டுகிறார்கள். கட்சிலிருந்து பாலக்காட்டுக்கு 1,500 கிலோமீட்டருக்கு மேல். இத்தனை தொலைவு வந்த மண் ஒரு வாரம் பூனைக்குப் பயன்பட்டுக் குப்பைமேட்டுக்குப் போகிறது. அது மட்காது, எரியாது, கிடக்கும்.

நம் அருகிலோ பொள்ளாச்சி இருக்கிறது. தேங்காய் மட்டையிலிருந்து நார் பிரித்தபின் எஞ்சும் தூள் அங்கே மலைபோல் குவிகிறது. நாம் நார்க்கழிவு என்போம். மலையாளத்தார் சகிரிச்சோறு என்பர். சோறு என்ற பெயரே எனக்குப் பிடித்திருக்கிறது. அத்தூள் தன் எடையைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் நீரைத் தாங்கும்.

செடி வளர்ப்போர்க்கு விற்கும் தூளை உப்புப் போகக் கழுவ வேண்டும். அதற்குத் தண்ணீர் மிகுதியாகச் செலவாகும். கழுவிய நீர் நிறமேறி ஓடும். பூனைக்கு அந்தக் கழுவல் தேவையில்லை. காய்ந்து சலித்த தூளைச் சாக்கில் வாங்கினால் போதும். ஒரு குறையும் உண்டு: அது கட்டியாகத் திரளாது, பூனையின் காலில் ஒட்டி அறையெங்கும் சிந்தும். தட்டின் முன் ஒரு பழைய சாக்கை விரிப்பதே அதற்கு மருந்து. பூனையும் புதுமையை எளிதில் ஏற்காது. பழைய மண்ணோடு கொஞ்சங்கொஞ்சமாகக் கலந்து இரண்டு வாரத்தில் பழக்கலாம்.

அடுப்புச் சாம்பல் போதாதா என்று ஊர்ப் பெரியவர்கள் கேட்பார்கள். சிறுநீரிலுள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் அம்மோனியாவாக மாற்றுகின்றன. சாம்பல் காரத்தன்மை உடையது. காரம் மிகுந்தால் அம்மோனியா வாயுவாகக் கிளம்பும், நாற்றம் கூடும். நார்த்தூள் சற்றே அமிலப் பாங்கானது. அதனால் அதை ஓரளவு பிடித்துவைக்கும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தார் நார்க்கழிவைச் சிப்பிக்காளானால் மட்கவைக்கும்போது ஒரு டன்னுக்கு 5 கிலோ யூரியா சேர்க்கச் சொல்கிறார்கள். பூனை அந்த யூரியாவை விலையின்றியே தருகிறது!

ஆனால் தூளை மாற்றியதோடு கடமை முடிந்துவிடாது. பூனையின் மலத்தில் டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணியின் முட்டை இருக்கலாம். எலி தின்னும் பூனைக்கு அது தொற்றும் வாய்ப்பு மிகுதி. கருவுற்ற பெண்ணுக்கு முதன்முறையாகத் தொற்றினால் வயிற்றுக் குழந்தைக்குக் கேடு விளைவிக்கலாம். முட்டை வெளிவந்து ஒன்று முதல் ஐந்து நாளில்தான் தொற்றும் நிலையை அடைகிறது. ஆகவே நாள்தோறும் அள்ளுவதே முதல் காவல். ஈரமண்ணில் அது ஓராண்டுக்கு மேலும் உயிரோடிருக்கும்; குளோரினுக்கும் அஞ்சாது. நிலத்திலிருந்து கடலுக்குப் போன இந்த ஒட்டுண்ணியால் கலிபோர்னியாக் கரையில் கடல்நீர்நாய்கள் மாண்டன. பூனைக் கழிவைக் கழிப்பறையில் விடாதீர் என்று லிட்டர்ப் பைகளில் அச்சிட வேண்டுமென அம்மாநிலம் 2006-இல் சட்டமும் இயற்றியது. 'கழிப்பறையில் விடலாம்' என்று பெருமை பேசும் பைகளை நாம் நம்பலாமா?

நம் எல்லைப்புறத்தை எண்ணிப் பாருங்கள். ஆழியாற்று நீர் பொள்ளாச்சிப் பக்கமிருந்து வந்து பாரதப்புழையில் கலக்கிறது. பெரியாற்று நீர் 1895 முதல் மலையைக் குடைந்து தேனிக்கும் மதுரைக்கும் பாய்கிறது. மாநிலத்துக்கு எல்லை உண்டு, தண்ணீருக்கு இல்லை. மலைச்சரிவில் ஓடையோரம் வீசிய பொட்டலம் எந்த ஊர்க் குடத்தில் இறங்கும் என்று யார் சொல்ல முடியும்?

ஆகவே நான் கேட்பது எளிது. மலத்தை நாள்தோறும் எடுத்துக் கிணற்றுக்கும் ஓடைக்கும் தள்ளி ஆழமாகப் புதையுங்கள். சிறுநீர் நனைத்த தூளை மட்கவைத்து மரத்துக்கும் பூச்செடிக்கும் இடுங்கள். கீரைப் பாத்திக்கு வேண்டாம். புதைக்க ஒரு சாண் மண்ணும் இல்லாதவர்கள் காகிதத்தில் நன்கு சுற்றி, இன்னது என்று எழுதித் தனியே கொடுங்கள். மட்காத கழிவை வாங்க வீடு வீடாக வரும் ஹரித கர்ம சேனைப் பெண்களின் சாக்கில் இதை ஒளித்து வைக்காதீர்கள். அவர்களும் நம் தாயரும் தமக்கையரும் போன்றவர்களே. பூனைகூடத் தன் கழிவைத் தானே மூடுகிறது. படித்த நாம் அதனினும் தாழலாமா?