சிம் மாத்தி காசு மிச்சம் பண்றதுக்கு முன்னாடி, சின்னமலை தாண்டிப் பாருங்க

எங்க ஊர் ரஞ்சன்குடி. சென்னையிலிருந்து திருச்சிக்கு நெடுஞ்சாலையில போயிருந்தீங்கன்னா, பெரம்பலூருக்கு முன்னாடி கோட்டையைப் பார்த்திருப்பீங்க. சித்தப்பா பையன் அங்கிருந்து வந்து ஆயிரம் விளக்குல வேலை பார்க்கிறான். போன வாரம் கேட்டான்: "அண்ணே, ஊர்ல இந்த சின்ன கம்பெனி சிம் நல்லா எடுக்குது. மாசம் 120 ரூபாய் மிச்சமாகும். போர்ட் பண்ணிடட்டுமா?"

வருஷத்துக்கு 1,440 ரூபாய். நல்ல கேள்விதான். 2024 ஜூலையில ஜியோ, ஏர்டெல், வி மூணும் கட்டணத்தை ஏத்தினப்போ இதே கணக்கைப் போட்டவங்க நிறைய பேர். அந்த ஒரே மாசத்துல பிஎஸ்என்எல் வாடிக்கையாளர் எண்ணிக்கை சுமார் 29 லட்சம் கூடிச்சுன்னு டிராய் கணக்கு சொல்லுது. ஆனா தம்பியோட கணக்குல ஒரு வரி விட்டுப்போச்சு. அவன் ஆபீஸ் போற மெட்ரோ, சின்னமலை தாண்டினதும் பூமிக்குள்ள இறங்கிடும்.

வெளியே இருக்கிற டவர் சிக்னல் மண்ணையும் கான்கிரீட்டையும் தாண்டி சுரங்கத்துக்குள்ள போகாது. உள்ளேயே ஆன்டெனா வைக்கணும், சுவர் நெடுக சிக்னலைக் கசிய விடுற ஒரு வகை கேபிளை இழுக்கணும். ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனியா கேபிள் போட இடம் கிடையாது. அதனால பெரும்பாலும் ஒருத்தர் போடுவார், மத்தவங்க அவருக்கு வாடகை கட்டி அதுல இணைஞ்சுக்கணும்.

சிக்கல் அந்த வாடகையில இருக்கு. அது வருஷத்துக்கு ஒரு கோடின்னு சும்மா ஒரு கணக்குக்கு வெச்சுக்கோங்க. அந்த வழியில 2 லட்சம் வாடிக்கையாளர் இருக்கிற கம்பெனிக்கு தலைக்கு 50 ரூபாய். 20,000 பேர் இருக்கிற கம்பெனிக்கு 500 ரூபாய். மலிவா கொடுத்து ஆள் பிடிக்கிற கம்பெனி இந்த 500-ஐ எங்கிருந்து எடுக்கும்? கையெழுத்தே போடாம இருந்துடலாம்னுதான் தோணும். ஆடிட்டரா உட்கார்ந்து பார்த்தா அந்த முடிவைக் குறை சொல்ல முடியல. பயணியா உட்கார்ந்து பார்த்தா கடுப்பாகுது.

எப்பவும் சின்ன கம்பெனிதான் வெளியே நிக்கும்னும் சொல்ல முடியாது. டொரொன்டோவுல நம்ம ஆளுங்க நிறைய பேர் இருக்காங்க, அவங்களைக் கேட்டா இந்தக் கதையைச் சொல்வாங்க. 2012-ல அந்த ஊர் சப்வேக்கு சிக்னல் போடுற ஒப்பந்தம் பிஏஐ-ங்கிற கம்பெனிக்குப் போச்சு. ரோஜர்ஸ், பெல், டெலஸ் மூணு பெரிய கம்பெனியும் சேரல. 2015 கடைசியில வின்ட்ங்கிற சின்ன கம்பெனி மட்டும் சேர்ந்தது. இப்போ அதுக்கு ஃப்ரீடம்னு பேர். பல வருஷம் மலிவு சிம் வெச்சிருந்தவர் சுரங்கத்துல பேசினார், அதிகம் கட்டினவர் சும்மா உட்கார்ந்திருந்தார்! 2023 ஏப்ரல்ல ரோஜர்ஸ் அந்த பிஏஐ-யோட கனடா பிரிவையே வாங்கிடுச்சு. அந்த செப்டம்பர்ல அரசாங்கம் தலையிட்டு, எல்லா கம்பெனி வாடிக்கையாளருக்கும் சேவை கிடைக்கணும்னு லைசென்ஸ்லயே நிபந்தனை போட்டுச்சு. அதுக்கு அப்புறம்தான் பெல், டெலஸ்காரங்களுக்கும் கிடைச்சுது.

ரயில் ஓட ஆரம்பிச்ச பிறகு பேரம் பேசினா இப்படித்தான் இழுக்கும். மும்பை மூணாவது லைன்லயும் அதே கதை. 33.5 கிலோமீட்டர், 27 ஸ்டேஷன், கிட்டத்தட்ட முழுக்க சுரங்கம். 2024 அக்டோபர்ல முதல் பகுதி திறந்தாச்சு, ஆனா வாடகை அதிகம்னு செல்போன் கம்பெனிகளோட சங்கத்துக்கும் மெட்ரோ தரப்புக்கும் தகராறு. நடுவுல மாட்டினது டிக்கெட் வாங்கினவங்க.

என் கருத்து இதுதான். சென்னையில இரண்டாம் கட்டத்துக்கு 63,246 கோடி செலவு, அதுல 40 கிலோமீட்டருக்கு மேல சுரங்கம். நம்ம வரிப்பணமும், நாம திருப்பிக் கட்டப்போற கடனும் அதுல இருக்கு. சிக்னலை விளம்பரப் பலகை மாதிரி வருமான வழியா பார்க்கக் கூடாது. லைட், ஃபேன் மாதிரி கட்டும்போதே போட்டுடணும். வாடகையையும் மொத்தமா கேட்காம, வாடிக்கையாளர் எண்ணிக்கைக்குத் தகுந்த மாதிரி வாங்கணும். பெரிய கம்பெனிகள் "நாங்க ஏன் அவனுக்கும் சேர்த்துக் கட்டணும்"னு கேட்பாங்க. இதுல யாரும் யாருக்கும் கட்டல, தலைக்கு ஒரே ரேட். பொது இடத்துல கேபிள் போட பாரபட்சம் இல்லாம அனுமதி தரணும்னு 2023 தொலைத்தொடர்பு சட்டமே சொல்லுது. வாடகைக்கும் அதே நியாயம்தானே?

அது நடக்கும்போது நடக்கட்டும். தம்பிக்கு நான் சொன்னது வேற. போர்ட் பண்ணினா 90 நாள் திரும்ப மாற முடியாது. பேங்க் ஓடிபி எல்லாம் அந்த நம்பருக்குத்தான் வரும். அதனால பழைய நம்பரைத் தொடாதே, புதுசை இரண்டாவது சிம்மா போட்டு ஒரு மாசம் ஓட்டு. க்யூஆர் டிக்கெட்டை மேலேயே வாங்கிடு, இல்லன்னா சிங்காரச் சென்னை கார்டுல காசு ஏத்தி வெச்சுக்கோ. அதைத் தட்ட உன் போன்ல சிக்னலே வேண்டாம்.

திங்கட்கிழமை ஆபீஸ் நண்பனோட சிம்மைக் கடன் வாங்கிப் போறான். சைதாப்பேட்டையிலிருந்து ஆயிரம் விளக்கு வரைக்கும் எந்தெந்த ஸ்டேஷன்ல, நடுவுல எங்கெங்க சிக்னல் நிக்குதுன்னு எழுதி அனுப்பச் சொல்லியிருக்கேன்.