பாதியில் நிற்கிற பேச்சு

சென்னையின் கீழ்க்கட்டளையில் ஷேர் ஆட்டோவில் கடைசியாக ஏறுகிறவர், உள்ளே இருப்பவரிடம் "தள்ளி உக்காருங்க" என்று சொல்வது குறைவு. "சார், கொஞ்சம் உள்ள தள்ளி உக்காந்தீங்கன்னா..." என்று இழுத்து நிறுத்திவிடுவார். உள்ளே இருப்பவரும் "உக்காந்தா என்ன ஆகும்?" என்று திருப்பிக் கேட்பதில்லை, கேட்டால் வம்புக்கு இழுப்பதாகத்தான் அர்த்தம். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்து கொடுப்பார். பள்ளி இலக்கணப்படி 'உட்கார்ந்தால்' என்பது வினையெச்சம். அதை முடித்துவைக்க ஒரு வினைமுற்று வந்தாக வேண்டும். இங்கே அது வரவில்லை, வரும் என்று யாரும் காத்திருக்கவும் இல்லை. நகர்ந்து கொடுத்ததிலேயே பேச்சு முடிந்துவிட்டது. எனவே இதை அரைகுறை வாக்கியம் என்று ஒதுக்க முடியாது. முடிவை எதிராளியின் கையில் விட்டுக் கேட்கிற முழுமையான வடிவம் இது.

ஆங்கிலம் பேசிப் பேசி வந்த பழக்கம் இது என்று சிலர் சொல்லக்கூடும். ஆனால் ஆங்கிலத்துக்கு உறவே இல்லாத பின்னிஷ் மொழியிலும் இதுவே நடக்கிறது. ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தின் ரித்வா லௌரி, அன்றாடப் பேச்சுப் பதிவுகளை ஆராய்ந்து 2012-ல் வெளியிட்ட கட்டுரையில் இதை விளக்கியிருக்கிறார். 'யோஸ்' என்று தொடங்கும் நிபந்தனைத் தொடரைக் கேட்டதுமே, மீதி வாக்கியத்துக்குக் காத்திராமல், அதை ஒரு வேண்டுகோளாக எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறார்கள் அங்குள்ளவர்கள். ஜப்பானியரும் வினையை நிபந்தனை வடிவிலேயே நிறுத்தி யோசனை சொல்வதுண்டு. ஆனால் பின்னிஷில் 'யோஸ்' முதலிலேயே வந்துவிடுவதால், வரப்போவது நிபந்தனை என்று கேட்பவருக்கு அப்போதே தெரிந்துவிடும். தமிழில் அது வினையின் வாலில் வருகிறது. "அந்தப் பைய கொஞ்சம்..." என்று தொடங்கியவர் எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்து, "எடுங்க" என்றும் முடிக்கலாம், "எடுத்தீங்கன்னா..." என்றும் விடலாம். கடைசி நொடிவரை தீர்மானத்தைத் தள்ளிப்போட நம் வாக்கிய அமைப்பு இடம் தருகிறது. இந்த நுட்பத்தைப் பேச்சுவழக்கின் சோம்பல் என்பது அநியாயம்.

இதற்கு ஓர் உடன்பிறப்பும் உண்டு. அடுக்ககக் கூட்டத்தில் ஒருவர் "ஞாயித்துக்கிழமை சம்ப்பக் கழுவிட்டா என்ன?" என்கிறார். யார் கழுவுவது, யார் பணம் தருவது என்பதெல்லாம் திறந்தே கிடக்கிறது. சொன்னவரும் தன்னை அதில் சேர்த்துக்கொள்கிறார். "அன்னைக்கு வேணாம், தண்ணி லாரி வராது" என்று மறுத்தால் யோசனைதான் விழும், ஆள் விழமாட்டார். அதே வடிவம் "நீயும் ஒரு நாள் பாத்திரம் தேய்ச்சா என்ன?" என்று வரும்போது குத்தலாகிவிடுகிறது. வடிவம் மட்டும் மரியாதையைத் தந்துவிடாது. குரலும் உறவும் சேர வேண்டும்.

இங்கேதான் வலுவான ஆட்சேபம் எழுகிறது. "இன்னைக்கே முடிச்சுக் குடுத்தீங்கன்னா..." என்று மேலாளர் சொல்லும்போது அது கட்டளைதானே, மறுக்க முடியுமா? முடியாதுதான். இனிப்புத் தடவிய அதிகாரம் என்ற விமர்சனத்தில் உண்மை இருக்கிறது. ஆனாலும் அந்த இழுப்பில் "இன்னைக்கு முடியாது சார், நாளைக்கு" என்று சொல்லக் கொஞ்சம் இடம் கிடைக்கிறது. "முடி" என்ற ஏவலில் அதுவும் இல்லை. ஒன்றைக் கேட்டு வாங்குகிறவரின் தகுதியைப் பொறுத்து ஈ, தா, கொடு என்று சொல் மாறும் என்று தொல்காப்பியம் எச்சவியலில் வகுத்துவைத்திருக்கிறது. கேட்கிற முறையில் ஏற்றத்தாழ்வு புகுந்துகொள்ளும் என்பது நமக்குப் புதிய செய்தியல்ல.

அதனால் யாருக்கு இந்த நிபந்தனை வடிவம் கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். பக்கத்து இருக்கைக்காரருக்கும் வீட்டு உரிமையாளருக்கும் கிடைக்கிறது. பல்லாவரம், மேடவாக்கம் பக்கம் கட்டட வேலைக்கு பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் காதில் அதிகம் விழுவது "எடு", "தூக்கு", "இங்க வா" என்பதுதான். கேட்டதைத்தானே அவர்களும் கற்பார்கள்? பிறகு கடையில் அவர்கள் "தண்ணி குடு" என்று கேட்டால் மரியாதை தெரியவில்லை என்று கோபப்படுகிறோம். ஆபத்தான நேரத்தில் "நகரு!" என்று கத்தத்தான் வேண்டும், அறிவிப்புப் பலகையில் எழுதுகிறபோதும் பாதியில் நிறுத்த முடியாது, நகர்ந்து கொடுக்க அங்கே எதிரில் ஆள் இல்லை. மற்ற நேரங்களில் "அந்தக் கம்பிய இப்படிப் பிடிச்சீங்கன்னா..." என்று மேஸ்திரி சொல்வதால் எந்தத் தளமும் தாமதமாக எழும்பப் போவதில்லை.