கைவினையும் கால்மிதியும்

மரபுக்கலை காட்சிச்சாலைக்கே உரியது, ஊனமுற்றோர் நலம் மருத்துவமனைக்கே உரியது எனப் பிரித்துப் பேசுவோர் உளர். இவ்விரு கூற்றையும் ஜெய்ப்பூர்க் கால் பொய்யாக்குகின்றது. 1960களின் இறுதியில் மருத்துவர் பி. கே. சேதியுடன் இணைந்து அதனை உருவாக்கிய இராம் சந்திர சர்மா ஒரு கைவினைஞர். தமது சைக்கிளுக்குக் காற்றுப் போனபோது, திருத்துமிடத்தில் லொறி ரயருக்கு இறப்பர் ஒட்டப்படுவதைக் கண்டே அவருக்கு வழி பிறந்தது என்பர். மேனாட்டுச் செயற்கைக் கால் சப்பாத்தையும் கதிரையையும் வேண்டிநின்றது. இதுவோ வெறுங்காலுடன் வயலில் இறங்கவும், நிலத்தில் அமரவும், சைக்கிள் மிதிக்கவும் இடந்தந்தது.

இதன் பெறுமதியை யாழ்ப்பாணம் நன்கறியும். 1990களில் பொருளாதாரத் தடையால் எரிபொருள் அற்ற குடாநாட்டைச் சுமந்தது சைக்கிளே. வாழைக்குலையைச் சந்தைக்கு ஏற்றிச்செல்லும் நீர்வேலித் தோட்டக்காரனுக்கு மிதிக்க இயலாமை என்பது பிழைக்க இயலாமையே. போரில் காலிழந்தோரைக் கொண்ட மண்ணில் இது வெறும் உவமை அன்று.

ஆயினும் 1981இல் மகசேசே விருது மருத்துவருக்கே கிட்டியது. கைவினைஞர் பெயரைப் பலரும் அறியார். பட்டத்தை வணங்கிக் கையை மறக்கும் இவ்வழக்கம் பல்கலைக்கழகங்களிலும் வேரூன்றியுள்ளது. விழாமேடையில் பொன்னாடை போர்த்துவதால் மரபு வாழாது. தச்சரும் கொல்லரும் சைக்கிள் திருத்துநரும் ஆய்வுகூடத்தில் அறிஞருக்குச் சமமாக அமர்தல் வேண்டும். அன்றே அது வாழும்.