வாழைப்பழத் தோல் தண்ணீரைச் சுத்தம் பண்ணுமா? ரீல்ஸை நம்புறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

'வாழைப்பழத் தோலைக் காயவெச்சு தண்ணியில போட்டா, விஷ உலோகமெல்லாம் போயிடும்!' இப்படி ஒரு ரீல்ஸ் உங்க கண்ணுல பட்டிருக்கா? அதுல பாதி உண்மை இருக்கு. ஆபத்து மீதிப் பாதியிலதான்.

உண்மை என்ன?

2011-ல் பிரேசில் ஆராய்ச்சியாளர்கள், அரைத்த வாழைப்பழத் தோலை வெச்சு பரானா ஆற்றுத் தண்ணீரில் இருந்த ஈயத்தையும் தாமிரத்தையும் பிரிச்சுக் காட்டினாங்க. தோலில் இருக்கும் சில வேதித் தொகுதிகளுக்கு நெகட்டிவ் மின்னூட்டம். ஈய, தாமிர அயனிகளுக்கு பாசிட்டிவ். ரெண்டும் ஒட்டிக்கும். நெல் உமி, ஆரஞ்சுத் தோல், கொட்டாங்குச்சிக் கரின்னு பல கழிவுகளை இதே வேலைக்குச் சோதிச்சிருக்காங்க.

நமக்கு ஏன் முக்கியம்?

ராணிப்பேட்டையில் மூடிப்போன ஒரு குரோமேட் ஆலை விட்டுட்டுப் போன கழிவு மட்டுமே 2 லட்சம் டன்னுக்கு மேல. அந்தக் குரோமியம் நிலத்தடி நீரிலும் கலந்திருக்கு. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் ஒரு லிட்டருக்கு குரோமியம் 0.05 மில்லிகிராம், ஈயம் 0.01 மில்லிகிராம்தான் இருக்கலாம். தண்ணியைக் கொதிக்க வெச்சாலும் உலோகம் போகாது. நீர் ஆவியாகுறதால அதோட அடர்த்தி கூடத்தான் செய்யும்.

அப்போ வீட்டுலயே தோலைப் போடலாமா?

வேண்டாம்! நச்சு அதிகமான ஆறு இணைதிறன் குரோமியம், தண்ணீரில் நெகட்டிவ் அயனியாகத்தான் இருக்கும். ஈயத்தைப் பிடிக்கிற தோல், சாதாரணத் தண்ணியில இதையும் அதேபோல பிடிக்காது. ஊறின தோல் அழுகிக் கிருமி வளர்க்கும். எல்லாத்துக்கும் மேல, உலோகம் அழியுறதில்ல. தண்ணியிலிருந்து தோலுக்கு இடம் மாறுது, அவ்வளவுதான். அந்தத் தோலைக் குப்பையில வீசினா, அது மறுபடி மண்ணுக்கும் கிணத்துக்கும் வந்து சேரும்.

இந்த முறைக்குப் பொருத்தமான இடம் நம்ம சமையலறை இல்ல, கழிவுநீர் வெளியேறும் ஆலை வாசல். செலவு குறைவுங்கிறது பெரிய பலம். ஆனா, உலோகம் ஏறின கழிவைப் பாதுகாப்பா அப்புறப்படுத்தவும் அங்கே வழி இருக்கணும்.

உங்க போர்வெல் மேல சந்தேகமா? தண்ணியைப் பரிசோதனைக்குக் கொடுங்க. வழக்கமான டெஸ்ட்ல கன உலோகங்கள் இல்லாமப் போகலாம். அதையும் கேட்டு வாங்குங்க. அடுத்த தடவை இப்படி ஒரு ரீல்ஸ் வந்தா, கமென்ட்ல ஒரே ஒரு கேள்வி கேளுங்க: 'உலோகத்தைப் பிடிச்ச தோலை எங்கே போட்டீங்க?'