மூன்று நிமிஷக் காபி

இத்தாலியின் பழைய காபிக்கடையைப் பற்றி யார் எழுதினாலும் முதல் பத்தியிலேயே ஒரு மரமேசை வந்துவிடுகிறது. அப்புறம் மங்கிய நிலைக்கண்ணாடி, பித்தளை மெஷின், ஜன்னலோரம் நாளிதழ் படிக்கும் கிழவர். 'காலம் உறைந்து நிற்கும் இடம்' என்று ஒரு வரி. படிக்கப் படிக்க எனக்கு எரிச்சல்தான் வருகிறது. பொலோன்யாவில் படித்த இரண்டு வருஷமும் தெருமுனைக் கடையில்தான் எனக்குக் காலைக் காபி. ட்யூப்லைட், லாட்டரிச் சீட்டு, யாரும் பார்க்காத டிவி. போட்டோ எடுத்துப் போட்டால் பத்து லைக் தேறாது.

ஊர்க்காரர்கள் அதை 'பார்' என்பார்கள். காலையில் காபி, சாயங்காலம் ஒரு கிளாஸ் வைன், இரண்டும் அதே கவுண்டரில். வருவார்கள், நின்றபடியே மூன்று மடக்கில் குடிப்பார்கள், போய்விடுவார்கள். மொத்தம் மூன்று நிமிஷம். 'நிதானமாக அமர்ந்து வாழ்க்கையை ரசிக்கும் இத்தாலியர்' என்று எழுதுகிறவர்கள் எந்தக் கடைக்குப் போனார்களோ! எஸ்பிரெஸ்ஸோ பிறந்ததே அவசரத்துக்குத்தான். மிலானில் லூயிஜி பெட்ஸேரா தன் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கியது 1901இல். மேலே மிதக்கும் அந்தப் பொன்னிற நுரை இன்னும் இளையது. அக்கில்லே காஜ்ஜாவின் நெம்புகோல் மெஷின் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கடைகளுக்கு வந்ததும்தான் அது பரவியது. நீங்கள் தொன்மை என்று உருகுவதற்கு நம் தாத்தாக்களின் வயதுதான்.

அப்படியென்றால் அந்தக் கடையில் என்னதான் வசீகரம்? என் பதில் கொஞ்சம் மட்டமாக இருக்கும்: விலை.

அத்தியாவசியப் பொருள்களுக்கு நகராட்சிகள் உச்சவிலை வைக்கலாம் என்று 1911இல் அங்கே வழி செய்தார்கள். நின்று குடிக்கும் காபியும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. உட்கார்ந்தால் வேறு விலை. இன்றைக்கும் கவுண்டரில் ஒரு எஸ்பிரெஸ்ஸோ பெரும்பாலும் ஒரு யூரோவுக்குச் சற்று மேலேதான். குப்பை வண்டிக்காரரும் வக்கீலும் தோள் இடிக்க நின்று ஒரே காசைக் கொடுக்கிறார்கள். வெனிஸில் சான் மார்கோ சதுக்கத்து ஃப்ளோரியன், 1720இல் திறந்தது, அழகுதான். ஆனால் அங்கே மேசையில் உட்காருகிறவர் கொடுப்பது மியூசியம் டிக்கெட் மாதிரி.

(தெருமுனைக் கடையைச் சொர்க்கம் என்றும் சொல்லவில்லை. மத்தியானச் சீட்டாட்ட நேரத்தில் உள்ளே அனேகமாக ஆண்கள்தான். பழமை விரும்பிகள் இதை ஏனோ எழுதுவதில்லை.)

இன்னொன்றையும் எழுத மாட்டார்கள். அந்தக் கடைகளில் கணிசமானவற்றை இன்று நடத்துவது சீனாவிலிருந்து குடியேறிய குடும்பங்கள். பழைய முதலாளிகளுக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகளுக்கு விடிகாலையில் ஷட்டர் தூக்க இஷ்டமில்லை. வாங்கியவர்கள் பெயர்ப்பலகையைக்கூட மாற்றவில்லை. அதே மெஷின், அதே கிழவர்கள். என் தெருக் கடையின் சீனத்து அக்காவுக்கு யாருக்குச் சர்க்கரை ஆகாது என்பதுவரை தெரியும். இதைப் பார்த்துவிட்டு 'அசல் தன்மை போச்சு' என்று புலம்புகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. போச்சா? அவர்கள் வாங்கியிருக்காவிட்டால் அந்த இடத்தில் ஒரு செல்போன் கடை இருந்திருக்கும், அய்யா.

ஒருநாள் அந்த அக்கா பத்து சென்ட் ஏற்றினார். கவுண்டரில் ஒரே கூச்சல். பென்ஷனில் வாழும் ஒரு பெரியவர் இரண்டு வேளை வந்தவர், அப்புறம் ஒரு வேளையாகக் குறைத்துக்கொண்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அக்காவையும்தான். காபிக்கொட்டை, மின்சாரம், வாடகை எல்லாம் ஏறும்போது அந்த ஒரு யூரோவைத் தாங்கிப் பிடித்தது அவரும் அவர் கணவரும் காலை ஆறிலிருந்து ராத்திரிவரை மாறி மாறி நின்ற நிற்பு. அதற்குச் சம்பளக் கணக்கு கிடையாது. மகள் ஸ்கூல் விட்டு வந்து கப் கழுவுவாள்.

மரமேசையைப் பற்றி எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த பத்தியில் அந்தப் பெண்ணுக்கும் இடம் விடுங்கள். அவள் நர்ஸிங் படிக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.