பெரிய டேப்லெட் வாங்கினா போதுமா? கை நடுக்கம், தசை பலவீனம் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

கை நடுங்குகிறது, விரலில் பலம் இல்லை, கையைத் தூக்கவே முடியவில்லை. இப்படிச் சிரமப்படுபவர்களுக்கு வீட்டில் முதலில் சொல்லும் யோசனை, "ஃபோன் சின்னதா இருக்கு, பெரிய டேப்லெட் வாங்கிடலாம்" என்பதுதான். இந்த யோசனை பாதிதான் சரி. மீதிப் பாதியைக் கவனிக்காவிட்டால், பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கியது அலமாரியில் தூங்கும்.

இப்போ ஏன் இது முக்கியம்?

பென்ஷன், வங்கி, மருத்துவர் அப்பாயின்ட்மென்ட் என எல்லாமே திரைக்குள் போய்விட்டது. கேமரா முன் கண் சிமிட்டச் சொல்லும் இ-கேஒய்சி-யை, ஆசிட் வீச்சில் முகமும் கண்களும் பாதிக்கப்பட்டவர்களால் முடிக்க முடியவில்லை. அவர்கள் தொடர்ந்த வழக்கில் 2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது, அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்றது அந்தத் தீர்ப்பு.

ஆனா கருவியையே இயக்க முடியவில்லை என்றால்? பின் நம்பரையும் ஓடிபி-யையும் அடுத்தவரிடம் சொல்லித்தான் ஆகணும்.

பெரிய திரை யாருக்கு உதவும்?

பார்க்கின்சன் போன்ற நோய்களால் நடுக்கம் உள்ளவர்களுக்குப் பெரிய திரை கைகொடுக்கும். பட்டன்களைப் பெரிதாக்கி, இடைவெளி விட்டு அடுக்கலாம்.

தசைச் சிதைவு உள்ளவர்களின் நிலை வேறு. பலருக்கு விரல் நன்றாக இயங்கும், கை நகராது. அவர்களுக்குப் பெரிய திரையின் மேல் மூலை எட்டாத தூரம். அங்கே சின்ன டேப்லெட்டே மேல். பெரியதுதான் வேண்டும் என்றால், மெனுவை விரல் பக்கத்திலேயே கொண்டுவரும் வசதி தேவை. ஐபேடில் இதற்கு 'அசிஸ்டிவ் டச்' இருக்கிறது. ஆண்ட்ராய்டில் 'அக்சஸிபிலிட்டி மெனு'.

எடை என்ன?

13 இன்ச் ஐபேட் ஏர் சுமார் 617 கிராம். 14.6 இன்ச் சாம்சங் கேலக்ஸி டேப் எஸ்10 அல்ட்ரா சுமார் 718 கிராம். கீபோர்டு கவரும் சேர்ந்தால் ஒரு கிலோவைத் தாண்டிவிடலாம். பிடிமானம் குறைந்த கைக்கு இது பெரிய பாரம்.

அதனால் ஸ்டாண்டுக்கும் சேர்த்தே பட்ஜெட் போடணும். கட்டில், மேஜை, சக்கர நாற்காலி என எங்கே பயன்படுத்தப் போகிறாரோ, அதற்கேற்ற கிளாம்ப் வேண்டும்.

தொடாமலே இயக்க முடியுமா?

முடியும். 2024-ல் வந்த ஐபேட்ஓஎஸ் 18-ல், முன்பக்க கேமரா மூலம் கண் அசைவாலேயே இயக்கும் வசதி உள்ளது. பழைய மாடல்கள் சிலவற்றில் இது வேலை செய்யாது. ஆண்ட்ராய்டின் 'ஸ்விட்ச் அக்சஸ்' வசதியில் புன்னகை, புருவம் உயர்த்துதல் போன்ற முக அசைவுகளைப் பயன்படுத்தலாம்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தமிழில் பேசி டைப் செய்வது வேறு, பேச்சாலேயே டேப்லெட்டை இயக்குவது வேறு. இரண்டாவது வசதி எந்த மொழியில் கிடைக்கிறது என்று கடையிலேயே போட்டுப் பார்க்கணும்.

கடையில் என்ன சோதிக்கணும்?

* பயன்படுத்தப் போகிறவரே தொட்டுப் பார்க்கணும். தெரியாமல் படும் தொடுதலைப் புறக்கணிக்கும் செட்டிங்கை ஆன் செய்து பாருங்கள்.
* கைரேகை பட்டன் எட்டுகிறதா? எட்டாவிட்டால் முகம் பார்த்துத் திறக்கும் மாடல் நல்லது.
* சார்ஜர் முனையைத் தனியாகச் செருக முடிகிறதா?
* வைஃபை மட்டும் உள்ள மாடலில் சிம் போட முடியாது. யுபிஐ பதிவுக்கு வங்கியில் கொடுத்த எண்ணிலிருந்து எஸ்எம்எஸ் போகணும். எனவே பணம் அனுப்ப ஃபோனையே நம்ப வேண்டிவரும்.

அரசு என்ன செய்யலாம்?

சக்கர நாற்காலிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். டேப்லெட்டுக்கு 18 சதவீதம். கை இயங்காத ஒருவருக்கு அதுதான் பேனா, அதுதான் வங்கிக் கவுன்ட்டர். ஆனாலும் வரிக் கணக்கில் அது சாதாரண எலெக்ட்ரானிக் பொருள்தான். டிஜிட்டல் அணுகலை உரிமை என்று நீதிமன்றம் சொன்ன பிறகும், அந்த உரிமைக்கான கருவியின் முழு விலையும் வரியும் குடும்பத்தின் தலையில்தான் விழுகிறது.